எட்கர் தானே டீ போட்ட நாள்

அத்தியாயம் ஒன்பது

கிராக்‌ஷா ஊர்க்காரர்களுக்குக் குறை சொல்ல வராது. அது அவர்கள் பிறவியிலேயே விட்டுப்போன ஒரு உறுப்பு.

ஒரு குளிர்காலத்தில் அடித்த காற்றில் சந்தைத் தெரு பஸ் நிழற்குடை அப்படியே எழும்பி, இரண்டு தெரு பறந்துபோய், சவப்பெட்டிக் கடை வாசலில் ஒரு கீறல் இல்லாமல் உட்கார்ந்தது. அந்த நேரம் நிழற்குடைக்குள்ளே ஒரு அம்மாள் பஸ்ஸுக்காகக் காத்திருந்தாள். பஸ் வந்ததும் ஏறி, "இன்னைக்குக் கொஞ்சம் காத்தா இருக்கு, இல்ல?" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து ஜனங்கள் சவப்பெட்டிக் கடை வாசலில்தான் நிற்கிறார்கள். பஸ்ஸும் அங்கேதான் நிற்கிறது. கவுன்சிலுக்கு இன்றுவரை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்படிப்பட்ட ஊரில், மைக்கைப் பிடித்துக்கொண்டு, "தேவைப்படுறவங்க தானா வாயத் திறந்து சொல்லுவாங்க" என்று சொன்னவள் ஜானிஸ் கிராஸ்லி. போன வாரம் நகர மண்டபத்தில் நடந்தது அது. அதற்கப்புறம் அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை.

விஷயம் இதுதான். குன்றின் மேல் இருக்கும் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் நடைவழியில், சக்கரக் கட்டிலில் கிடந்தார்கள். உள்ளே படுக்கை இல்லை. படுக்கையில் இருந்த கிழவர்களுக்கு உடம்பு தேறிவிட்டது. ஆனால் வீட்டுக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. குளிர்கால நெருக்கடிக்கென்று அரசாங்கம் கொஞ்சம் பணம் அனுப்பியது. அந்தப் பணத்தை ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்களை வீட்டுக்குக் கொண்டுவரச் செலவழிப்பதா, ஏற்கெனவே வீட்டில் கிடக்கிற முதியவர்களுக்குப் பராமரிப்புப் பெண்கள் வந்து போவதற்குச் செலவழிப்பதா? இரண்டுக்கும் போதாது. கவுன்சிலில் பாதிக் கை இந்தப் பக்கம், பாதிக் கை அந்தப் பக்கம். தலைவி ஜானிஸ். அவள் கைதான் மிச்சம்.

அவள் ஆஸ்பத்திரிப் பக்கம் தூக்கினாள்.

தூக்கியதற்குக் காரணமும் இருந்தது. முந்தின நாள் அந்த நடைவழியைப் போய்ப் பார்த்திருந்தாள். ஒரு பெரியவர் சக்கரக் கட்டிலில், போர்வைக்கு மேலே தன் தொப்பியை வைத்துப் பிடித்துக்கொண்டு, கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே வரும் பனிக்காற்றில் படுத்திருந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "குறை ஒண்ணும் சொல்றதுக்கில்லம்மா" என்றார்.

அந்தக் கை தூக்கலின் விளைவு: வீட்டில் இருக்கிற முதியவர்களை ஒரு அதிகாரி போய்ப் பார்ப்பார். தானே சமாளித்துக்கொள்கிறேன் என்கிறவர்களுக்கு மூன்று வேளை உதவி இனி ஒரு வேளை. மூன்று வேளை உதவி பெறுகிறவர்களில் ஒருவர் எட்கர் ஹோல்ராய்ட். எட்கர் ஹோல்ராய்ட் ஜானிஸின் அப்பா. கை தூக்கும்போதே இது அவளுக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் பொதுவான விஷயம் என்பதால் அவள் ஓட்டுப் போடத் தடை ஏதும் இல்லை என்று கவுன்சில் வக்கீல் சொல்லிவிட்டார். தடை இருக்கிறது என்று அவர் சொல்லியிருக்கக் கூடாதா என்று அவள் உள்ளூர ஏங்கியது அவருக்குத் தெரியாது.

வீட்டில் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை தம்பி மால்கமிடமிருந்து போன் வந்தது.

மால்கம் அப்பாவோடு இருக்கிறவன். அப்பா பார்த்த வேலையையே பார்க்கிறவன்: பனிக்காலத்தில் வழுக்காமல் இருக்கச் சாலையில் உப்புத் தூவுகிற கவுன்சில் லாரி ஓட்டுவது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை விட்டு லாரிகளுக்குப் பெயர் வைக்கச் சொன்னார்கள். மால்கமின் லாரிக்கு உப்புராணி என்று பெயர். போன மாதம் குளியலறைத் தரையிலிருந்து அப்பாவைத் தூக்கும்போது இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டதிலிருந்து, முதுகுக்குப் பின்னால் சுடுதண்ணீர்ப் பை வைத்துக்கொண்டுதான் ராணியை ஓட்டுகிறான்.

"அப்பாவைப் பார்க்க வர்ற அதிகாரியம்மா இன்னைக்கு மதியம் வருது" என்றான். "பனி கொட்டப்போகுதுன்னு எல்லா லாரியையும் கூப்பிட்டுட்டாங்க. என்னால இருக்க முடியாது. நீ வா."

ஜானிஸ் இழுத்தாள். தான் கவுன்சிலர், அங்கே போய் உட்கார்ந்தால் தப்பாகப் பேசுவார்கள் என்றாள்.

"கவுன்சிலரம்மாவை யாரு கூப்பிட்டா? மகளா வா. ஒரே வேலைதான். அவர் பொய் சொல்லும்போது நீ உண்மையைச் சொல்லு."

"எது பொய்யின்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"'உள்ள வாங்க'ங்கிறது மட்டும் நிஜம். அதுக்கு மேல சொல்றதெல்லாம் பொய்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை.

"விளையாட்டில்ல, ஜானிஸ். மூணு வேளை ஒரு வேளை ஆச்சுன்னா நான் லாரிய விட்டுட்டு வீட்டோட இருக்கணும். இல்ல, அவரைக் கொண்டுபோய் முதியோர் ஹோம்ல விடணும். இதுல எதை நான் அவர்கிட்டச் சொல்ல? எவனோ ஒரு மடையன் மண்டபத்துல சொகுசா உக்காந்துக்கிட்டுக் கையத் தூக்கியிருக்கான். அவன் வீட்டுல வயசானவங்களே கிடையாது போல."

ஜானிஸ் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

வெறுங்கையோடு போவது அந்த ஊரில் பழக்கமில்லை. முக்கில் இருக்கும் கடையில் ஒரு எலுமிச்சை கேக் வாங்கிக்கொண்டாள். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். எங்கப்பாவால தனியா முடியாது. எங்கப்பாவால தனியா முடியாது. கேக் பெட்டி கேட்டுக்கொண்டு வந்தது.

கதவைத் திறந்ததும் அவளுக்கு வீடு மாறி வந்துவிட்டோமோ என்று தோன்றியது.

கூடம் பளபளவென்று இருந்தது. மாடிப்படி ஏற முடியாமல் போனதிலிருந்து முன்னறையிலேயே கிடந்த அப்பாவின் கட்டில், தலையணைகளை வரிசையாகச் சாய்த்து வைத்ததில் சோபாவாகியிருந்தது. ராத்திரி அவசரத்துக்கென்று ஆஸ்பத்திரியிலிருந்து கொடுத்த ஓட்டை நாற்காலி, பூப்போட்ட மேஜைவிரிப்பு போர்த்தி, தலையில் ஒரு செடித்தொட்டியைச் சுமந்துகொண்டு ஜன்னலோரம் கண்ணியமாக நின்றது. எட்கர் தன் நாற்காலியில் டை கட்டி, முடியைப் படிய வாரி, கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் போல உட்கார்ந்திருந்தார். நாற்காலியே ஒரு சாண் வளர்ந்திருந்தது. குனிந்து பார்த்தாள். நாற்காலிக் கால்களுக்கு அடியில் செங்கல்.

"இதெல்லாம் யாரு செஞ்சது?"

"காலை வேளைக்கு உதவிக்கு வருமே, டெண்டாய், அதுதான். மேயர் வர்றாருன்னு சொன்னேன். பாவம், பொண்ணு செங்கல் எல்லாம் தூக்கிச்சு."

"அப்பா, நடக்கிறதுக்கு வெச்சிருக்கிற ஸ்டாண்டு எங்க?"

"கரி ரூம்ல ஓய்வெடுக்குது. அதுக்கும் வயசாச்சு இல்ல."

அந்த ஊரில் வீட்டைச் சுத்தம் செய்ய ஆள் வருகிறாள் என்றால், அவள் வருவதற்கு முன்னால் வீட்டைச் சுத்தம் செய்து வைப்பார்கள். டாக்டர் வருகிறார் என்றால் எழுந்து முகம் கழுவி, சிரித்தபடி இருப்பார்கள். முடியாதவர்கள் என்று காட்டவேண்டிய அன்றைக்குத்தான் எல்லோருக்கும் முடிந்துவிடும். இது ஜானிஸுக்குத் தெரியாதா? அவளும் அந்த வீட்டில்தானே வளர்ந்தாள். மைக் முன்னால் எப்படி மறந்துபோனது?

"இப்படிச் செய்யாதீங்கப்பா. வர்றவங்க நீங்க எப்படி இருக்கீங்களோ அதைத்தான்..." என்று அவள் தொடங்கியபோது அழைப்பு மணி அடித்தது.

வந்த பெண்ணின் பெயர் ஷபானா மிர்சா. வெளியூர்க்காரி, குளிர்காலம் முடியும்வரை கவுன்சில் தற்காலிகமாக எடுத்திருந்தது. பூட்ஸில் பனியோடு வாசலிலேயே தயங்கி நின்றவளை எட்கர், "உள்ள வாங்க" என்றார். அன்று மதியம் அவர் சொன்ன ஒரே உண்மை முடிந்தது.

அடுத்து மகளைக் காட்டி, "இவ என் பொண்ணு ஜானிஸ். கேக் கடையில இருக்கா" என்றார்.

ஜானிஸ் கையில் கேக்கோடு நின்றாள். மறுக்க ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் ஷபானா, "அடடா, நல்ல வாசனை" என்று சொல்லிவிட்டாள். நொடி போய்விட்டது.

உட்கார்ந்ததும் ஷபானா மடிக்கணினியைத் திறந்து, வேலை என்ன பார்த்தீர்கள் என்று பேச்சுக் கொடுத்தாள். அது எட்கரிடம் கேட்கக் கூடாத கேள்வி. உப்பு லாரி என்று ஆரம்பித்தார். எழுபத்தொன்பதாம் வருஷப் பனியில் மேட்டுச் சாலைக்கு விடியவிடிய உப்புத் தூவிக்கொண்டு போனாராம். திரும்பிப் பார்த்தால் பின்னால் ஊர் ஆடுகள் எல்லாம் வரிசையாக வந்து நக்கிக்கொண்டிருந்தன. நக்கின வேகத்தில் பனியும் சேர்ந்து போய்விட்டது. விடிந்து பார்த்தால் சாலை கண்ணாடி மாதிரி துடைத்துக் கிடக்கிறது. அந்த வருஷம் கவுன்சில், ஆடுகளுக்கு மிகைநேரச் சம்பளம் கொடுத்தது.

"வருமான வரி பிடிச்சாங்களா?" என்று கேட்டாள் ஷபானா.

"கிடாக்களுக்கு மட்டும்" என்றார் எட்கர், முகத்தில் ஒரு சுருக்கம் மாறாமல்.

அதற்கப்புறம் கேள்விகள் வந்தன. குளிக்க முடிகிறதா? தினமும். சமையல்? ஆட்டுக்கால் வரைக்கும். ராத்திரி எழுந்திருக்க? எழுந்திருக்கும் அவசியமே வருவதில்லை, அப்படி ஒரு தூக்கம். எப்போதாவது விழுந்ததுண்டா? காதலில் ஒரு தடவை, அது அறுபத்து நாலில். ஒவ்வொன்றுக்கும் முடிவில், "குறை ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்று முத்திரை குத்தினார். ஷபானாவின் விரல்கள் சத்தமில்லாமல் தட்டிக்கொண்டே போயின. ஜானிஸ் ஒவ்வொரு பதிலுக்கும் வாயைத் திறந்து மூடினாள்.

"டீ போடுறேன்" என்று எட்கர் எழுந்தார்.

ஆமாம், எழுந்தார். செங்கல் கொடுத்த உயரமும் எங்கிருந்தோ வந்த வைராக்கியமும் சேர்ந்து அவரை நிமிர்த்தின. ஜானிஸ் பாதி எழுந்துவிட்டாள். "நீ உக்காரு கண்ணு, கடையில நாள்பூரா நிக்கிறவ" என்றார். சோபாவான கட்டிலின் முனை, செடித்தொட்டி, கதவு நிலை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு, பழைய நண்பர்களைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறவர் போல நடந்து, விசில் அடித்தபடி அடுக்களைக்குள் மறைந்தார்.

கெட்டில் சீறுவது கேட்டது. கோப்பை வைக்கும் சத்தம். விசில்.

திடீரென்று விசில் நின்றது.

ஜானிஸ் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். ஷபானாவும் தட்டுவதை நிறுத்தியிருந்தாள். பிறகு விசில் திரும்ப ஆரம்பித்தது, முன்னைவிடச் சத்தமாக, கொஞ்சம் சுருதி ஏறி.

எட்கர் ஒரு கோப்பையோடு வந்தார். வலது கையில் கோப்பை. இடது கை ஸ்வெட்டர் பைக்குள். நாங்கள் இப்போதுதான் குடித்தோம் என்று சொல்லி விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட, நாற்காலி அவரைப் பிடித்தது என்பதே சரி. இடது கை வெளியே வரவில்லை.

ஷபானா டீயை ஒரு வாய் குடித்தாள். பிறகு ஜானிஸ் பக்கம் திரும்பி, "நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் பதில் வரும்வரை கண்ணை எடுக்கவில்லை.

வாக்கியம் தயாராக இருந்தது. வழியெல்லாம் கேக் பெட்டிக்குச் சொல்லிக்காட்டிய வாக்கியம். அப்பாவைப் பார்த்தாள். அவர் கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. அந்தக் காலத்தில் அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது பக்கத்து இருக்கையிலிருந்து பார்ப்பாரே, அதே பார்வை. நேராப் பாரு, பதறாத.

"அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் ஜானிஸ்.

மைக்கில் பேசின அதே குரல். தன் குரலைத் தானே அடையாளம் கண்டுகொள்வது இத்தனை அசிங்கமாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

வாசல்வரை வழியனுப்பப் போனாள். பனி விழ ஆரம்பித்திருந்தது. ஷபானா கையுறையை மாட்டிக்கொண்டே, "எங்கப்பாவும் இப்படித்தான்" என்றாள். "நான் கண்ணால என்ன பார்த்தாலும் மேல ஒத்துக்க மாட்டாங்க, ஜானிஸ். அவரு இல்லன்னா வீட்டு ஆளு, யாராவது வாயால சொல்லணும். அதுதான் இப்ப வந்திருக்கிற விதி. நாளைக்குக் காலைல அனுப்பிடுவேன். என் நம்பர் இதுல இருக்கு." ஒரு அட்டையைக் கொடுத்தாள். படி இறங்கித் திரும்பி, "உங்க கடை எந்தத் தெருவுல?" என்று கேட்டாள்.

ஜானிஸ் ஒரு தெருவின் பெயரைச் சொன்னாள். அந்தத் தெருவில் கேக் கடை கிடையாது. நிழற்குடை பறந்துபோனதிலிருந்து பஸ்கூடக் கிடையாது.

உள்ளே வந்தபோது எட்கரின் முகம் சுவர் நிறத்துக்கு வந்திருந்தது. டை மட்டும் நேராக இருந்தது.

"கையக் காட்டுங்க."

"எந்தக் கை?"

அவளே பைக்குள்ளிருந்து மெல்ல எடுத்தாள். புறங்கை முழுக்கக் கொதிநீர் பட்டுச் சிவந்து, விரல்கள் பக்கம் கொப்புளம் கிளம்பிக்கொண்டிருந்தது. அந்தக் கையைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டுதான் இத்தனை நேரமும் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அடுக்களைக்கு ஓடினாள். மேடையெல்லாம் தண்ணீர், கெட்டில் கவிழ்ந்து கிடந்தது. ஒரு வாளியில் குளிர்ந்த தண்ணீர் பிடித்துவந்து, தரையில் உட்கார்ந்து, அவர் கையை அதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். கால்சட்டையும் நனைந்திருந்தது. அது டீத்தண்ணீர் இல்லை. அவர் மடியில் ஒரு துண்டை விரித்துவிட்டாள்.

"ஏம்பா இப்படிச் செஞ்சீங்க?" என்றாள்.

எட்கர் வாளியைப் பார்த்தபடி, "உன் குரல் ரேடியோவுல நல்லா தெளிவாக் கேட்டுச்சு" என்றார்.

உள்ளூர் ரேடியோ கூட்டத்தை ஒலிபரப்பியது அவளுக்குத் தெரியும். அப்பா நாள்பூரா ரேடியோவும் தானுமாகக் கிடப்பவர் என்பதும் தெரியும். தெரிந்த இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவள் துணிந்ததில்லை.

"தேவைப்படுறவங்க சொல்லுவாங்கன்னு சொன்ன. நான் சொல்லல. அப்ப எனக்குத் தேவையில்லன்னுதானே கணக்கு?"

"அப்பா..."

"நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லல. நடைவழியில கிடக்கிறவனும் ஒருத்தனுக்கு அப்பன்தான். ஆனா நான் வாயத் திறந்து கேட்டு, எனக்கு மூணு வேளையும் கிடைச்சுதுன்னு வை. ஊர்ல என்ன பேசுவான்? கை தூக்கினவ வீட்டுக் கிழவனுக்கு மட்டும் நிக்கலன்னு பேசுவான். உன்னால அப்புறம் அந்த மண்டபத்துல நிமிர்ந்து உக்கார முடியுமா?"

"அதுக்காகக் கேக் கடையா?"

"சவப்பெட்டிக் கடைன்னு சொல்லலாம்னுதான் பார்த்தேன். உன் கையில கேக் இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே வழியில் வந்து முட்டிக்கொண்டன. எட்கர் லாரி ஓட்டிய காலமெல்லாம் தன் தெருவுக்குக் கடைசியாகத்தான் உப்புத் தூவுவார். தன் வீட்டு வாசலுக்கு ஒரு கை கூடப் போடமாட்டார். கவுன்சில் உப்பு, சொந்த வாசலுக்கு எடுத்தால் என்ன பெயர் என்பார். ஒரு ஜனவரியில் அம்மா அந்த வாசலிலேயே வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "ஊருக்கெல்லாம் உப்பு, எனக்கு மாவுக்கட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா பத்திரிகைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்வார். அந்த வயதில் ஜானிஸ் அம்மா பக்கம். அப்பா செய்தது அநியாயம் என்று அவரிடமே சண்டை போட்டிருக்கிறாள்.

இப்போது யார் வாசலில் யார் உப்புப் போடாமல் விட்டது?

வெளியே உப்புராணியின் ஹாரன் கேட்டது. அடுத்த சுற்றுக்கு உப்பு நிரப்பப் போகிற வழியில் மால்கம் எட்டிப்பார்க்க வந்திருந்தான். தோளில் பனி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தவன், செடித்தொட்டி சுமக்கும் நாற்காலியைப் பார்த்தான், செங்கலைப் பார்த்தான், வாளியைப் பார்த்தான். கடைசியில் அக்காவைப் பார்த்தான்.

"என்ன சொன்ன?"

ஜானிஸ் சொன்னாள். தான் சொன்னதை அப்படியே சொன்னாள். அது ரொம்பச் சின்ன வாக்கியமாக இருந்தது.

மால்கம் கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவன் சோபாவான கட்டிலில் உட்கார்ந்து ஒரு பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தான். குனிய முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றினான்.

"சரி. நாளைக்கு டிப்போவுல சொல்லிடுறேன். ராணிய வேற எவனாவது ஓட்டட்டும்" என்றான். "இந்த விதியக் கொண்டுவந்தவன் மட்டும் என் லாரி முன்னாடி வழுக்கி விழுந்தான்னா, உப்புத் தூவுறத நிறுத்திட்டு வேடிக்கை பார்ப்பேன்."

"மால்கம், வாய மூடு" என்றார் எட்கர். அந்தச் சத்தம் அந்த உடம்பிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. மால்கம் நிமிர்ந்து பார்த்தான். அப்பா அவனைத் திட்டி வருஷக்கணக்காயிற்று.

ஜானிஸ் அப்பாவின் கையை வாளியிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அட்டையைப் பார்த்து எண்ணை அழுத்தினாள்.

"வேண்டாம் கண்ணு" என்றார் எட்கர், மெதுவாக.

மறுமுனையில் வண்டிக் கண்ணாடியில் பனி துடைக்கிற சத்தமும், அதற்கு நடுவே ஷபானாவின் குரலும் கேட்டன. "யாரு? ஓ, கேக் கடைப் பொண்ணா?"

அறை சின்னது. அந்தக் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"என்ன கேக் கடை?" என்றான் மால்கம், கழற்றிய பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு.

எட்கர் கண்ணை மூடிக்கொண்டு விசில் அடிக்க ஆரம்பித்தார்.

ஜானிஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பேசியிருக்கலாம். அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருக்கலாம். தம்பியின் முகத்துக்கு நேராக நின்றுகொண்டாள்.

"இல்லீங்க. நான் கேக் கடையில இல்ல" என்றாள். "எங்கப்பாவால தனியா முடியாது. அதை அங்க வெச்சே சொல்லியிருக்கணும். ஏன் சொல்லலன்னா... போன வாரம் மண்டபத்துல கடைசியாத் தூக்கின கை என்னோடது."

மால்கமின் கையில் இருந்த பூட்ஸிலிருந்து பனி உருகித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. போனில் ஷபானா ஏதோ கேட்டாள்; ஜானிஸின் காதில் அது விழவில்லை.

எட்கரின் விசில் நின்றது. இந்தத் தடவை அது திரும்ப ஆரம்பிக்கவில்லை.